இறுக்கிப் பின்னிய சடை

மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்குப் போகும் முதல் வண்டியில் ஏறுகிற பெண்கள் யாரும் வீட்டில் தலை வாரிக்கொள்வதில்லை. நேரம் ஏது? சோறு வடித்து, டப்பா கட்டி, பிள்ளையின் சீருடையைத் தேடி எடுத்து நாற்காலிமேல் போட்டு, தூங்குகிற புருஷனைத் தாண்டிக்கொண்டு ஓடிவந்து ஏறும்போது பொழுதுகூட விடிந்திருக்காது. ஈரத் தலையில் ஒரு கிளிப்பைக் குத்திக்கொண்டு வந்துவிடுவார்கள். பங்காரப்பேட்டையில் வண்டி நின்று மூச்சு வாங்கும் நேரத்தில் வெளிச்சம் வரும். அப்போது பைகளிலிருந்து சீப்புகள் வெளியே வரும். அதிலிருந்து மாலூர் வரைக்கும் பெண்கள் பெட்டியில் ஒருத்தி தலையை இன்னொருத்தி பின்னுவதுதான் வேலை. ஒயிட்ஃபீல்டில் இறங்கும்போது பார்த்தால், வீட்டில் கண்ணாடி முன்னால் நிதானமாக நின்று சீவி முடித்தவர்களைப்போல இருப்பார்கள்.

தென்றலும் அப்படி வருகிறவள்தான். சாம்பியன் ரீப்ஸ் தொழிலாளர் லைன் வீடு ஒன்றில் பிறந்தவள். அப்பாவுக்குத் தங்கச் சுரங்கத்தில் வேலை. சுரங்கத்தை மூடியபோது இவள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். பிறகு அதே லைனில் நாலு வீடு தள்ளி பிரசாந்துக்கு வாழ்க்கைப்பட்டு, ஒரு பையனைப் பெற்று, பெங்களூர் வேலைக்கு வண்டி ஏறினாள். அவளைப் பற்றி ஊரில் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை. வாயாடி இல்லை, ஊமையும் இல்லை. ஆனால் யாராவது அவளுக்கு ஆசையாக ஒன்றைச் செய்தால், அது தனக்கு ஆகவில்லை என்று சொல்ல மட்டும் வாய் வராது. பௌர்ணமிக்குப் புத்த விகாரையில் பாயசம் ஊற்றுகிறவர் இன்னும் கொஞ்சம் என்றால், திகட்டித் தொண்டையில் நிற்கும்போதும் தம்ளரை நீட்டுவாள். நல்ல குணம் என்று ஊரார் சொன்னார்கள். என்னைக் கேட்டால் பாதிதான் நல்ல குணம், மீதி பாதி பயம்.

வேலை ஒயிட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில். பச்சை சர்க்யூட் பலகைகளில் கடுகளவு சாமான்களைப் பொருத்த வேண்டும். நீலக் கோட்டு, நீலக் குல்லா. குல்லாவுக்கு வெளியே ஒற்றை முடி தெரிந்தாலும் லைனுக்குள் விடமாட்டார்கள். கதவருகே விநாயக் என்ற சூப்பர்வைசர் நின்றுகொண்டு, "மேடம், ஹேர்" என்று தன் நெற்றியைத் தொட்டுக் காட்டுவான். அவ்வளவுதான், திரும்பிப் போய்ச் சரிசெய்துகொண்டு வர வேண்டும். அவன் கெட்டவன் இல்லை. அவனுக்குக் கொடுத்த வேலை அது.

அந்தக் குல்லாவுக்குப் பயந்துதான் தென்றல் தன் தலையை ஷைலாவிடம் ஒப்படைத்தாள்.

ஷைலா ஆண்டர்சன்பேட்டைக்காரி, தென்றலைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள். கன்டோன்மென்ட் பக்கம் ஒரு பெண்கள் விடுதியைக் கவனித்துக்கொள்ளும் வேலை. மாரிக்குப்பத்திலேயே ஏறி ஜன்னலோர பெஞ்சில் துண்டைப் போட்டு, அடுத்த ஸ்டேஷனான சாம்பியனில் ஏறுகிற தென்றலுக்கு இடம் பிடித்து வைப்பாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசைக்கும் முதல் பெஞ்சு, வண்டியிலும் முதல் பெஞ்சு என்று அவளை எல்லாரும் கேலி செய்வார்கள். அவளுக்கு இரண்டும் பையன்கள். இரண்டு பேரும் ஒட்ட வெட்டிக்கொண்டு திரிகிறவர்கள். ஒரு பெண்பிள்ளை இல்லையே, பின்னிப் பூ வைக்க ஒரு தலை இல்லையே என்ற குறையை அந்தப் பெட்டியில் இருந்த அத்தனை தலைகளிலும் தீர்த்துக்கொண்டாள்.

கை என்றால் அப்படிப்பட்ட கை. அவள் அப்பா சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்குகிற கேஜ் கூண்டின் கயிறுகளைப் பார்த்துக்கொண்டவர். அந்தப் பிடி மகளுக்கும் வந்திருந்தது. ஷைலா பின்னிவிட்டால் ராத்திரி படுக்கிறவரைக்கும் ஒரு இழை நகராது. "இது கேஜ் கயிறுடி, எந்த லெவலுக்குப் போனாலும் அறுவாது" என்று முதுகில் ஒரு தட்டுத் தட்டி எழுப்பிவிடுவாள். காதோரத்து முடியையும் நெற்றி முடியையும் சேர்த்து இழுத்து, வழவழவென்று பின்னுக்குத் தள்ளி முடிச்சிடும்போது தென்றலின் புருவம் இரண்டும் மேலே ஏறிக்கொள்ளும். கண்ணில் தண்ணீர் கோத்துக்கொள்ளும். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி, காற்று அடித்துத் தண்ணீர் வந்ததுபோலத் துடைத்துக்கொள்வாள். ஷைலாக்கா அவ்வளவு ஆசையாகப் பின்னுகிறாள், எப்படிச் சொல்வது?

வருஷங்கள் ஓடின. ஒரு புத்த பூர்ணிமா அன்று விகாரை வாசலில் வெள்ளைப் புடவையோடு எடுத்த படத்தைப் பிரசாந்த் செல்பேசியில் காட்டினான். எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தென்றல் தன் முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். நெற்றியின் இரண்டு ஓரங்களிலும் முடி பின்வாங்கிப் போயிருந்தது. காதுக்கு மேலே தோல் பளபளத்தது. வேறு யாரோ ஒருத்தியின் நெற்றியைத் தன் முகத்தில் ஒட்டவைத்ததுபோல இருந்தது.

முதலில் பழி சயனைட் மேட்டின்மேல் விழுந்தது. எங்கள் ஊரில் எது கெட்டாலும் அதற்கு ஒரு காரணம் தயாராக இருக்கும். சயனைட் போட்டுத் தங்கத்தைப் பிரித்த பிறகு சுரங்கத்து மண்ணைக் கொட்டி வைத்த அந்த மேடு. இருமல் வந்தால் மேடு, மாமரம் காய்க்காவிட்டால் மேடு, பையன் கணக்கில் தோற்றால்கூட மேடு. மேடும் ஒன்றும் உத்தமம் இல்லைதான். ஆனால் பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஆடிக் காற்றில் தூசு கிளம்பியபோது தென்றல் தலையைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டாள். அதற்கும் கேட்காமல் போகவே போர்வெல் தண்ணீரைச் சந்தேகப்பட்டு, குடிக்கிற கேன் தண்ணீரில் தலை அலசினாள். கேன் சீக்கிரம் தீர்ந்துபோவதைப் பிரசாந்த் பார்த்துக்கொண்டிருந்தான்.

தலையைத் தினமும் தொடுகிறவளுக்குத் தெரியாமல் இருக்குமா? ஷைலா பார்த்துவிட்டாள். சத்தம் போடாமல், காதருகே குனிந்து, "ஓரத்துல முடி எளச்சி கீது தென்றலு. நீ கவலப்படாத. நான் மறச்சிக் கட்டறேன்" என்றாள். மறைப்பது என்றால் எப்படி? உச்சியிலிருந்து முடியை இழுத்து, வெறிச்சென்று கிடந்த இடத்தின்மேல் படியவைத்து, முன்பைவிட இன்னும் ஒரு பிடி அழுத்தி முடிச்சுப் போடுவது. கொட்டக் கொட்ட இறுக்கினாள், இறுக்க இறுக்கக் கொட்டியது. இரண்டு பேருக்கும் அது தெரியவில்லை.

அப்புறம் பெட்டிக்கே விஷயம் தெரிந்துபோயிற்று. கேட்க வேண்டுமா, ஆளுக்கொரு வைத்தியம் கிளம்பியது. எதிர் பெஞ்சு ரத்தினம்மா, சின்ன வெங்காயச் சாற்றைத் தேய்க்கச் சொன்னாள். தென்றல் தேய்த்தாள், குல்லாவுக்குள் சாம்பார் வாசனை வந்ததுதான் மிச்சம். கால் சென்டரில் வேலை செய்கிற ஜாய், முடி வளர்க்கிற மிட்டாய் என்று ஒரு டப்பா கொண்டுவந்து கொடுத்தாள். அதைப் பையன் பாதி தின்றுவிட்டான். யாரோ விளக்கெண்ணெய் என்றார்கள், யாரோ கருஞ்சீரகம் என்றார்கள். தென்றல் யாருக்கும் மறுப்புச் சொல்லவில்லை. எல்லாவற்றையும் முறை வைத்துத் தடவினாள். தலையணையில் எண்ணெய்க் கறை பெரிதாகிக்கொண்டே போனது, நெற்றியும் பெரிதாகிக்கொண்டே போனது.

பெங்களூரில் முடிக்கென்றே ஒரு கிளினிக் இருக்கிறதென்று கேள்விப்பட்டு ஒருநாள் அங்கேயும் போனாள். பரிசோதனை இலவசம் என்று போட்டிருந்தது. ஒரு பெண் பேனா போன்ற காமிராவைத் தலையில் வைத்து, அதைச் சுவரில் பெரிய திரையில் காட்டினாள். காடு அழிந்து நிலம் தெரிவதுபோல இருந்தது. இது பரம்பரை, இப்படியே விட்டால் எல்லாம் போய்விடும், ரத்தத்தை எடுத்துத் தலையில் ஊசியாகப் போட வேண்டும், அதற்கும் மசியாவிட்டால் பின்னந்தலையிலிருந்து எடுத்து முன்னால் நட வேண்டும், இன்றைக்கே முடிவு செய்தால் சலுகை உண்டு என்று அந்தப் பெண் ஒரு மூச்சில் சொன்னாள். எதனால் கொட்டுகிறது என்று அவள் கேட்கவே இல்லை. தலையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. தென்றலுக்கு அப்போது அது உறைக்கவில்லை. எல்லாம் போய்விடும் என்பது மட்டும்தான் காதில் நின்றது. திரும்பி வரும் வண்டியில் தூங்குவதுபோல முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு அழுதாள்.

சலுகையின் கெடு தாண்டிப்போயிற்று. அந்தக் கிளினிக்கிலிருந்து தினமும் போன் வந்தது. கடைசியில் பிரசாந்த்தான் அந்தப் போனைப் பிடுங்கிக் கீழே வைத்தான். "கார் ரிப்பேர்னாகூட மொதல்ல பானெட்டத் தொறந்து பார்ப்பானுங்க. ராபர்ட்சன்பேட்டையில தோல் டாக்டரம்மா ஒருத்தங்க உக்காராங்க, அங்க போலாம் வா" என்றான். கம்பெனி லீவு நாளாகப் பார்த்து அவனே பைக்கில் உட்காரவைத்துக் கூட்டிப் போனான்.

டாக்டரம்மா கன்னடக்காரர். முதலில் தென்றலைச் சடையை அவிழ்க்கச் சொன்னார். ஷைலாவின் முடிச்சு லேசில் அவிழுமா? டாக்டரம்மாவே எழுந்து வந்து கை கொடுத்தார். அவிழ்ந்ததும் தென்றலுக்குத் தலையே பாரம் குறைந்ததுபோல இருந்தது, அவளை அறியாமல் ஒரு பெருமூச்சு வந்தது. அதை டாக்டரம்மா கவனித்தார். பிறகு சின்ன பூதக்கண்ணாடி ஒன்றை வைத்து நெற்றி ஓரத்தையும் காதுக்கு மேலேயும் ரொம்ப நேரம் பார்த்தார். சாயங்காலம் தலை வலிக்குமா என்று கேட்டார். தினமும் வலிக்கும், ஷிப்டு அலுப்பு என்று நினைத்தேன் என்றாள் தென்றல். முடி வேரில் சின்னச் சின்னப் பரு வருமா? வரும், வியர்வை என்று நினைத்தேன். யார் பின்னிவிடுகிறார்கள்? ரயிலில் ஒரு அக்கா. எவ்வளவு நாளாக? வேலைக்குச் சேர்ந்ததிலிருந்தே.

டாக்டரம்மா கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு, அவளுக்குப் புரியும் தமிழும் கன்னடமும் கலந்து பேசினார். "இது பரம்பரெ இல்லம்மா, நீரும் இல்ல, தூசும் இல்ல. தினா தினா இழுத்துக் கட்டறீங்க, அதுதான். முடியைப் பிடிச்சு இழுத்தா வேர் எத்தினி நாள் தாங்கும்?"

டாக்டரம்மா ஒரு கைக்கண்ணாடியைக் கொடுத்து, நெற்றியின் ஓரத்தில் பூனை மயிர்போல நின்ற சின்ன முடிகளைக் காட்டினார். அவை நிற்கிறவரை வேர் சாகவில்லை என்று அர்த்தம், இழுப்பதை நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பி வரும், ஆனால் மாதக்கணக்கில் பொறுக்க வேண்டும் என்றார். பருக்கள் அடங்க சில வாரத்துக்குப் பூசுகிற மருந்து எழுதினார். முகம் வெளுத்திருக்கிறதென்று ரத்தம் பார்த்துவிட்டு இரும்புச் சத்து மாத்திரையும் கொடுத்தார். முடி வளரத் தடவுகிற திரவமும் உண்டாம், தேவைப்பட்டால் பிறகு பார்க்கலாமாம். ஊசியும் வேண்டாம், முடி நடவும் வேண்டாம். இன்னும் சில வருஷம் இப்படியே இழுத்துக் கட்டியிருந்தால் வேர் தழும்பாகி மூடிக்கொண்டிருக்கும், அப்போது நான் எதைக் கொடுத்தாலும் முளைக்காது என்றும் சொன்னார். குல்லாவுக்கு என்ன செய்வது என்று கேட்டதற்கு, தளர்வாகப் பின்னி மெல்லிய வலையைப் போட்டு அதன்மேல் குல்லாவைப் போடச் சொன்னார்.

தென்றல் சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை, கண்ணில் தண்ணீர் வருகிறவரைக்கும் சிரித்தாள். வெளியே காத்திருந்த பிரசாந்த் பயந்துபோய் எட்டிப் பார்த்தான். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது என்பார்கள். இவளுக்குத் தலைக்கு வந்தது ஒரு முடிச்சை அவிழ்த்ததோடு போயிற்று. அன்றைக்கு அவிழ்ந்த தலையோடு, காற்று உச்சிவரைக்கும் நுழைய, பிரசாந்தின் பின்னால் உட்கார்ந்து ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவில் போனாள். வழியில் நிறுத்தி மசாலாப் பூரி தின்றார்கள். இத்தனை மாதமாக நாக்கில் எதுவும் ருசித்ததில்லை, அன்றைக்கு ருசித்தது. இன்னொரு தட்டு அவளே கேட்டு வாங்கினாள்.

பாதித் தட்டில் ஷைலாவின் ஞாபகம் வந்தது.

இதை அவளிடம் எப்படிச் சொல்வது? உன் கைதான் என் முடியைத் தின்றது என்றா? பெண்பிள்ளை இல்லாத குறைக்குத் தினமும் தன் தலையை மடியில் வைத்துக்கொண்டவளிடம் போயா? மீதித் தட்டைப் பிரசாந்த் பக்கம் தள்ளிவிட்டாள்.

மறுநாள் தென்றல் வீட்டிலேயே தளர்வாகப் பின்னிக்கொண்டு வண்டி ஏறினாள். ஷைலா சீப்பை எடுத்துக்கொண்டு மடியைச் சரிசெய்தாள். தென்றல் திரும்பி உட்காரவில்லை. டாக்டர் என்ன சொன்னார் என்று ஷைலா கேட்டாள். அந்த நேரத்தில் தென்றலின் வாயில் உண்மை வந்திருக்க வேண்டும். ஆனால் திகட்டினாலும் பாயசத் தம்ளரை நீட்டுகிறவளின் வாய் அல்லவா அது.

"ஏதோ பூஞ்சையாங்கா. ஒட்டுமாம். கொஞ்ச நாளைக்கி யாரும் தொடக்கூடாதாம்" என்றாள்.

நல்லதற்குச் சொன்ன பொய்தான். ஆனால் பிள்ளையார் பிடிக்கக் குரங்காக முடிந்தது. ஒட்டும் என்ற ஒரு சொல் போதும், பெட்டியில் தீ வைத்ததுபோல. அடுத்த நாள் ஜாய் தலையை வீட்டிலேயே வாரிக்கொண்டு வந்து ஏறினாள். அதற்கடுத்த நாள் ரத்தினம்மா. எல்லாரும் ஷைலாவைப் பார்த்து வழக்கம்போலச் சிரித்தார்கள், வழக்கம்போல டப்பா திறந்து இட்டிலி கொடுத்தார்கள். தலையை மட்டும் யாரும் கொடுக்கவில்லை. எல்லாத் தலைகளையும் தொட்ட கையும் சீப்பும் ஷைலாவுடையது அல்லவா? பங்காரப்பேட்டை வெளிச்சம் வரும்போது அவள் மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி இருந்தாள். இத்தனை வருஷத்தில் அந்தக் கைகள் சும்மா இருந்து யாரும் பார்த்ததில்லை.

ஒருநாள் தென்றலின் காதில் மெதுவாகச் சொன்னாள்: "என் சீப்புலேந்துதான் உனுக்கு வந்திருக்கும். அத நான் எரிச்சிட்டேன்."

அப்போதாவது தென்றல் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வண்டி ஒயிட்ஃபீல்டுக்கு வந்துவிட்டது என்ற சாக்கில் இறங்கிப் போய்விட்டாள். பிளாட்பாரத்தில் நடக்கும்போது தன்மேலேயே ஆத்திரம் வந்தது. செய்யாத தப்புக்கு அந்த மனுஷி சீப்பை எரித்திருக்கிறாள். செய்த தப்போ, அது அவளுக்குத் தெரியவே தெரியாது.

கிறிஸ்துமஸ் வந்தது. வருஷா வருஷம் அந்த வாரம் ஷைலா ஒரு பெரிய எவர்சில்வர் தூக்கில் கல்கல் இனிப்பும் அச்சு முறுக்கும் கொண்டுவருவாள். பெட்டி முழுக்கக் கை நீட்டும். விகாரைக்குப் போகிற தென்றல் வீட்டுக்கும் அதுதான் கிறிஸ்துமஸ். அந்த வருஷம் தூக்கு வரவில்லை. கடையில் வாங்கிய பிஸ்கோத்துப் பாக்கெட்டுகள் வந்தன. ஷைலா ஒவ்வொருவருக்கும் ஒரு பாக்கெட்டைக் கொடுத்துக்கொண்டே வந்தாள். தென்றலிடம் வந்ததும், பிரிக்காத மேல் தாளைக் காட்டி, "சாப்டு, என் கை படல" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. சமாதானம் சொல்வதுபோலச் சொன்னாள். அதுதான் தென்றலால் தாங்க முடியவில்லை. பாக்கெட்டைப் பெஞ்சில் வைத்துவிட்டு, எல்லார் காதிலும் விழும்படியே பேசினாள்.

"அக்கா, பூஞ்சையும் இல்ல ஒண்ணும் இல்ல. நான் பொய் சொன்னேன். ஒட்டாது. ஜாய், நீயும் கேளு, இது யாருக்கும் ஒட்டாது." அதன்பிறகு குரல் இறங்கிவிட்டது. "இழுத்துக் கட்டறதாலதான் கொட்டுதாம்."

ஷைலா உட்கார்ந்தாள். தன் இரண்டு கைகளையும் திருப்பிப் பார்த்தாள். தியாகல் ஸ்டேஷன் வந்து போயிற்று. இந்தப் பெஞ்சு இன்றோடு போயிற்று, வேறு பெட்டிக்குப் போய்விட வேண்டியதுதான் என்று தென்றலின் மனம் அதற்குள் மூட்டை கட்டத் தொடங்கியிருந்தது.

"வலிச்சுதா?" என்று கேட்டாள் ஷைலா.

"வலிச்சுதுக்கா."

"எப்பலேந்து?"

"மொதல்லேந்தே."

ஷைலாவின் முகம் சிவந்தது. "இத்தினி வருசமா வலியோட உக்காந்துகினு இருந்தியா? ஒரு வார்த்த சொல்லக்கூடாது? வலிக்குதுன்னு சொன்னா கையி தளத்தாதா? நான் இன்னா பேயா?"

அதோடு விடவில்லை. மாலூர் தாண்டும்வரைக்கும் திட்டினாள். பொய் சொன்னதற்குத் திட்டினாள், சீப்பை எரிக்கவிட்டதற்குத் திட்டினாள், கண் கலங்கியதைக் காற்று என்று சொல்லி ஏமாற்றியதற்குத் திட்டினாள். கன்னடத்தில் கொஞ்சம் திட்டினாள், தெலுங்கில் கொஞ்சம். கடைசியில் இத்தனை நாள் ஒரு பிள்ளையை வலிக்க வைத்திருக்கிறேனே என்று தன்னையே திட்டிக்கொண்டு அழுதாள். தென்றலும் அழுதாள். அழுகை வந்தாலும், மார்பின்மேல் இருந்த கல்லை யாரோ இறக்கி வைத்ததுபோல இருந்தது. கோபித்துக்கொண்டு பேசாமல் போகிறவளிடம் பயப்படலாம். மாலூர் வரைக்கும் திட்டுகிறவள் எங்கேயும் போகமாட்டாள்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு ஷைலா எதிர் பெஞ்சின் பக்கம் திரும்பினாள். உங்களுக்கும் வலிக்குமா என்று கேட்டாள். ஜாயும் ரத்தினம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜாய் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கி, "லைட்டா, அக்கா" என்றாள். ரத்தினம்மா, தனக்குத் தலை மரத்துப்போய் ரொம்ப காலம் ஆயிற்று, இப்போது வலிக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை என்றாள். பெட்டி முழுக்கச் சிரிப்பு வெடித்தது. ஷைலாவும் அழுதுகொண்டே சிரித்தாள்.

அடுத்த நாள் புதுச் சீப்பு வந்தது, கல்கல் தூக்கும் வந்தது. தென்றல் பழையபடி திரும்பி உட்கார்ந்தாள். கேஜ் கயிறு முறுக்கிய கைக்குப் பஞ்சுப் பின்னல் லேசில் வருமா? முதல் நாள் பின்னியது தேவன்கொந்தி ஸ்டேஷனுக்கு முன்னாலேயே அவிழ்ந்துவிட்டது. இரண்டாம் நாள் ஒரு பக்கம் சரிந்து நின்றது. ஷைலா விடவில்லை. ஆண்டர்சன்பேட்டைக் கடையில் மெல்லிய வலைகளை வாங்கி எல்லாருக்கும் கொடுத்தாள். ஒவ்வொரு பிடிக்கும் நடுவே நிறுத்தி, வலிக்குதா, வலிக்குதா என்று கேட்டுக் கேட்டுப் பின்னினாள். அந்தக் கேள்வி கொஞ்ச நாளில் பெட்டிக்கே பழக்கமாகிவிட்டது. யார் தலையை யார் பின்னினாலும் அதைக் கேட்காமல் முடிச்சுப் போடுவதில்லை.

மருந்து சில வாரத்தில் முடிந்தது, மாத்திரை தொடர்ந்தது. சாயங்காலத் தலைவலி எப்போது போயிற்று என்றே தென்றலுக்குத் தெரியவில்லை. தலைவலித் தைல டப்பா மூடி திறக்காமல் இறுகிக் கிடந்ததைப் பார்த்துத்தான் ஞாபகம் வந்தது. நெற்றியை மட்டும் அவள் பார்க்கவில்லை. தினமும் பார்த்தால் வளராது என்று அவளுக்கு ஒரு பயம். டாக்டரம்மாவிடம் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

மறுபடியும் ஆடிக் காற்று வீசத் தொடங்கிய ஒரு காலையில், நீலக் கோட்டு, வலை, நீலக் குல்லா எல்லாம் போட்டுக்கொண்டு தென்றல் லைனுக்குள் நுழையப் போனாள். விநாயக் கையை நீட்டி நிறுத்தினான். "மேடம், ஹேர்" என்று தன் நெற்றி ஓரத்தைத் தொட்டுக் காட்டினான்.

அவள் திரும்பி வந்து கழுவுமிடத்துக் கண்ணாடியில் பார்த்தாள். இரண்டு ஓரங்களிலும், குல்லாவுக்குக் கீழே, கட்டை விரல் நகம் நீளத்துக்குக் கறுகறுவென்று முடி கொத்தாக நீட்டிக்கொண்டு நின்றது. வலைக்குள் அடங்கும் நீளம் அதற்கு இன்னும் வரவில்லை. தண்ணீர் தொட்டுத் தடவினாள், படியவில்லை. மறுபடியும் தடவினாள், மறுபடியும் எழுந்து நின்றது. குல்லாவைக் கொஞ்சம் முன்னுக்கு இழுத்துவிட்டுக்கொண்டு சிரித்தபடி கதவுக்கு வந்தாள். லைனிலிருந்து திருப்பி அனுப்பியதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆளை விநாயக் அதுவரை பார்த்ததில்லை. உடம்பு சரியில்லையா என்று கேட்டான்.

சாப்பாட்டு நேரத்தில் ஷைலாவுக்குப் போன் போட்டுச் சொன்னாள். அந்தப் பக்கம் விடுதியே கேட்கும்படி ஷைலா யாரையோ கூப்பிட்டுச் சொல்லுவதும், மாதாவுக்கு நன்றி சொல்லுவதும் கேட்டது.

மறுநாள் பங்காரப்பேட்டை வெளிச்சத்தில் ஷைலா அந்தச் சின்ன முடிகளை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். ஜாயையும் ரத்தினம்மாவையும் கூப்பிட்டுக் காட்டினாள். பிறகு சீப்பை எடுத்தாள். மெதுவாகப் பின்னிக்கொண்டே வந்தவள், ஓரத்துக்கு வந்ததும் தயங்கினாள்.

"இது குல்லாவுக்கு வெளிய நிக்குதுன்னு அவன் தெனமும் திருப்பி அனுப்புவானே. இன்னிக்கி மட்டும் கொஞ்சம் இழுத்து வச்சிக் கட்டட்டுமா?"

"வேணாங்கா," என்றாள் தென்றல். "வலிக்கும்."